வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 - பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் புதின எழுத்தாளர், இதழாசிரியர், மேடைப் பேச்சாளர், இசை அறிந்தவர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர். 115 புதினங்களை எழுதியவராக அறியப்படுகிறார். 1925 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஜகன்மோகினி என்னும் மாத இதழை நடத்தினார். பெண்ணை வீட்டுக்கு உரியவளாகவும், கடையில் பொருள் வாங்குபவளாகவும் மட்டுமே இதழ்கள் கண்டுவந்த ஒரு காலத்தில், இதழ் நடத்துவதையே தம் தொழிலாகக் கொண்டு வென்று காட்டிய பெண்மணி என்ற வகையில் தமிழ் இதழியல் வரலாற்றில் இவருக்குத் தனியிடம் உண்டு.

பிறப்பும் இளமையும்

கோதைநாயகி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த நீர்வளூரில், என். எஸ். வெங்கடாச்சாரி, பட்டம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தார். வைணவக் குடும்பம். கோதை என்பது ஆண்டாளின் பெயர். ஒரு வயதிலேயே தாயை இழந்ததால் உறவினர்களால் வளர்க்கப்பட்டார். பள்ளிக்குச் சென்று படிக்கவில்லை.

அக்கால வழக்கப்படி 1907 ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில், சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். மணமகனுக்கு அப்போது வயது ஒன்பது. வை. மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்னும் குடும்பப் பெயரின் சுருக்கமாகும். கம்பராமாயண உரையாசிரியர் வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் பெயரிலும் இதே முன்னெழுத்துகளைக் காணலாம். குழந்தை மணத்தைக் கட்டுப்படுத்திய சாரதா சட்டம் 1929 இல் தான் இயற்றப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகள் முன்னரே மணமாகிவிட்ட கோதைநாயகி, பின்னாளில் குழந்தை மணத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவரானார்.

எழுத்துத் தொடக்கம்

சுற்றிலும் இருந்த குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் கோதைநாயகி வல்லவராக இருந்தார். கணவர் இவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பார்த்த நாடகங்களின் தூண்டுதலால் தாமே ஒரு நாடகம் இயற்ற விரும்பினார். ஆனால் அப்போது இவருக்குத் தமிழைத் தொடர்ச்சியாக எழுதும் பழக்கம் இல்லை. இவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அவ்வாறு உருவான இந்திர மோகனா என்னும் நாடகம் 1924 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. நூறு புதினங்களுக்கு மேல் எழுதிய ஒருவரின் முதல் நூல் வேறொரு பெண்ணின் கையெழுத்தில் உருவானது என்பது, அன்றைய பெண்கல்வியின் நிலையைப் புள்ளிவிவரங்களைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும். கோதைநாயகி எழுதப் பழகியது அதன் பின்னர்தான்.

மர்மக் கதைகளால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் இவருக்குத் தொடக்கத்தில் ஊக்கமளித்தார். இவரது முதல் புதினமான வைதேகி துப்பறியும் பாங்கில் அமைந்தது. தமிழில் துப்பறியும் புதினம் எழுதிய முதல் பெண் இவரே என்பது பரவலான கருத்து.

ஜகன்மோகினி

1925 ஆம் ஆண்டில் ஜகன்மோகினி இதழின் பொறுப்பை ஏற்ற கோதைநாயகி, வைதேகியை அதில் தொடராக வெளியிட்டார். இவரைத் தமிழின் முதல் பெண் இதழாசிரியர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. ரேவு தாயாரம்மாளின் பெண்கல்வி, சகோதரி பாலம்மாளின் சிந்தாமணி ஆகிய இதழ்கள் இதற்கு முன்னரே வெளிவந்தன. ஆயினும் பெண் ஒருவர் ஆசிரியராக இருந்து, தம் எழுத்தையே முதலீடாகக் கொண்டு, மூன்று தலைமுறை வாசகர்கள் வரை ஓர் இதழைக் கொண்டு சென்றதற்கு அன்றைய தமிழில் வேறு எடுத்துக்காட்டுக் கூறுவது கடினம்.

இதழின் அமைப்பு எளிமையானது. ஆசிரியரின் தொடர்கதையே அதன் முதுகெலும்பு. தொடர் முடிந்ததும் அது தனி நூலாகும், அடுத்த தொடர் தொடங்கும். பிற பெண்களின் எழுத்துகளுக்கும் இடமளிக்கப்பட்டது. குடும்பப் பெண் ஒருவர் தம் பெயரை அச்சிட்டு, அதை விலைக்கு விற்பதா என்ற ஏளனம் உறவினரிடமிருந்தும் அயலாரிடமிருந்தும் எழுந்தது. பார்த்தசாரதி அதனைப் பொருட்படுத்தாமல் மனைவிக்குத் துணைநின்றார். இதழின் நிர்வாகப் பணிகளில் பெரும்பகுதியை அவரே கவனித்தார். கோதைநாயகி சிறையில் இருந்த மாதங்களில் இதழ் நின்றுவிடாமல் காத்தவரும் அவரே. மனைவி பெயர் அட்டையில் இருக்க, கணக்கும் அஞ்சலும் கணவர் பார்ப்பது அன்றைய திருவல்லிக்கேணியில் புதுமைதான்.

அக்கால இதழ்களும் விளம்பரங்களும்

ஜகன்மோகினி வெளிவந்த காலமே தமிழில் இதழ் விளம்பரம் ஒரு தொழிலாக உருவெடுத்த காலமுமாகும். ஆனந்த விகடனை 1928 ஆம் ஆண்டில் பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து 200 ரூபாய்க்கு வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன்னர் விளம்பர முகவராக இருந்தவர். பெயரில் உள்ள எட்டு எழுத்துகளுக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் கொடுத்தார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இதழைப் படிப்பவர் பொருள் வாங்கக் கூடியவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

வீட்டுக்குப் பொருள் வாங்குவதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது விளம்பரக்காரர்களின் பார்வை பெண்கள் மீது விழுந்தது. சென்னையில் கேசரி குடீரம் என்னும் ஆயுர்வேத மருந்து நிறுவனத்தை நடத்திய கே. என். கேசரி, பெண்களுக்கான லோத்ரா என்னும் மருந்தை இதழ்களில் விரிவாக விளம்பரம் செய்தார். அவரே 1928 ஆம் ஆண்டில் கிருகலட்சுமி என்னும் தெலுங்குப் பெண்கள் இதழையும் தொடங்கினார். மருந்து விற்பவர் பெண்கள் இதழ் நடத்துவதும், பெண்கள் இதழில் மருந்து விற்பதும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

1920 முதல் 1950 வரையிலான தமிழ் இதழ்களைப் புரட்டினால் இவ்விளம்பரங்களில் ஒரு பொதுப் போக்கைக் காணலாம். ஊற்றுப் பேனா, மிதிவண்டி, சிகரெட்டு, கைக்கடிகாரம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஆண் உருவம். சவுக்காரம், கூந்தல் தைலம், குழந்தை மருந்து, சத்து மாவு, சமையல் நெய், புடவை ஆகியவற்றுக்குப் பெண் உருவம். ஆயுள் காப்பீட்டு விளம்பரத்தில் இருவரும் உண்டு, ஆனால் சம்பாதிப்பவன் கணவன், அவனுக்குப் பின் ஆதரவற்று நிற்கக் கூடியவர்கள் மனைவியும் மக்களும். பெண்ணுக்கான சத்து மருந்தின் விளம்பரத்தில் அவள் களைத்திருப்பாள், மருந்து உண்டபின் முகம் மலரும். எந்த வேலையால் களைத்தாள் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. வீட்டு வேலை வேலையாகக் கணக்கிடப்படாததே அதற்குக் காரணம் எனலாம்.

வெளியே சென்று உழைத்த பெண்கள் இப்பக்கங்களில் ஏறத்தாழ இல்லவே இல்லை. நாற்று நட்டவர்கள், கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர்கள், தலையில் கூடையுடன் தெருத்தெருவாகக் காய்கறி விற்றவர்கள் எனச் சென்னையிலும் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் உழைத்த பெண்களின் தொகை பெரிது. அவர்களுக்குப் பொருள் வாங்கும் ஆற்றல் இல்லாமையால் விளம்பரத்தில் முகமும் இல்லை. விதிவிலக்காகத் தொழில் செய்யும் பெண் ஒருத்தி உண்டு. அவள் நடிகை. 1941 ஆம் ஆண்டில் லீலா சிட்னிஸ் லக்ஸ் சவுக்காரத்தின் விளம்பரத்தில் தோன்றிய பின்னர், திரை நடிகையரின் முகம் அப்பொருளின் அடையாளமாயிற்று. அங்கும் காட்டப்பட்டது அவரது மேனியழகேயன்றித் தொழில்திறன் அன்று. கையில் வேலையுடன் பெண் தோன்றிய மற்றொரு விளம்பரம் தையல் இயந்திரத்தினுடையது. உஷா தையல் இயந்திர விளம்பரங்கள் தையலை வருவாய் தரும் தொழிலாகக் காட்டுவதைவிட நல்ல இல்லத்தரசிக்குரிய தகுதியாகக் காட்டவே விரும்பின.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று. கோதைநாயகி ஜகன்மோகினியின் பொறுப்பை ஏற்ற மறு ஆண்டில், 1926 இல், சீனாவின் சாங்காய் நகரிலிருந்து லியாங்யூ என்னும் படத்திங்களிதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் அட்டையை அலங்கரித்தவர்களும் பெரும்பாலும் இளம்பெண்களே. அந்நகரின் சிகரெட்டு, சவுக்காரக் கம்பெனிகள் வெளியிட்ட நாட்காட்டிப் படங்களில் நாகரிக உடையணிந்த பெண்கள் ஓய்வாக அமர்ந்திருப்பார்கள். அதே நகரத்தின் பஞ்சாலைகளிலும் பட்டாலைகளிலும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தனர் என்பதை அப்படங்களைக் கொண்டு ஊகிக்க முடியாது. 1949 புரட்சிக்குப் பிறகு நிலை தலைகீழாகி, உழுவண்டி ஓட்டும் பெண்ணும் ஆலைப் பெண்ணும் அரசின் சுவரொட்டிகளுக்கும் இதழ்களுக்கும் வந்தார்கள். வீட்டில் அவர்கள் செய்த இரண்டாம் வேலை அப்போதும் படத்துக்குள் வரவில்லை.

கோதைநாயகியின் நிலைப்பாடு

இச்சூழலில் கோதைநாயகியின் நிலை முரண்பாடுகள் கொண்டது. இவரது கதைகளின் நாயகியர் பெரும்பாலும் பொறுமையும் கற்பும் உடைய நல்ல மனைவியர். குடும்பம் சிதைவது இவருக்கு உடன்பாடன்று. விளம்பரப் படத்திலுள்ள இல்லத்தரசியை இவர் அடியோடு மறுத்தார் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அதே கதைகளில் பெண்கல்வி, கைம்பெண் மறுமணம், வரதட்சிணைக் கொடுமை, மதுவின் கேடு, பொருந்தா மணம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. விளம்பரம் சொல்லாமல் விட்ட களைப்பின் காரணத்தை இவரது தொடர்கதைகள் மாதந்தோறும் சொல்லிவந்தன என்று கொள்ளலாம்.

எழுத்தில் சொன்னதைவிட வாழ்ந்து காட்டியது அதிகம். வீட்டுப் பொறுப்பை விடாமல், மாதந்தோறும் தொடர் எழுதி, இதழைத் தொகுத்து, மேடைகளில் பேசி, கச்சேரியும் செய்தார். பின்னாளில் அச்சகமும் குடும்பத்துக்குச் சொந்தமாயிற்று. இவரது வாசகியர் பலருக்கு ஒரு பெண் வேலை செய்து பெயரும் பொருளும் ஈட்டலாம் என்பதற்கு நேரில் கண்ட ஒரே சான்று இவராகத்தான் இருந்திருக்கும்.

விடுதலைப் போராட்டத்தில்

1925 ஆம் ஆண்டில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது, எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாளின் வழியாக அவரைச் சந்தித்தார். அதன்பின் பட்டையும் நகைகளையும் நீக்கிக் கதர் அணியலானார். இதழ்ப் பக்கங்களில் பட்டுப்புடவையும் நகையும் பெண்மையின் அடையாளமாக விற்கப்பட்ட நாட்களில், மேல்தட்டுக் குடும்பத்துப் பெண் ஒருவர் முரட்டுக் கதருடன் மேடையேறியது பலரை வியப்பில் ஆழ்த்தியது.

கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிப் புறக்கணிப்பு ஆகியவற்றில் பங்கேற்று 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார். சிறையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. இராசாசி, சத்தியமூர்த்தி போன்றோருடன் காங்கிரசு மேடைகளில் பேசினார். இனிய குரல் வாய்ந்தவராதலால் கூட்டங்களில் பாடவும் செய்தார். பேச்சைக் கேட்க வரும் கூட்டத்தைக் காட்டிலும் பாட்டைக் கேட்க வரும் கூட்டம் குறைந்ததில்லை. காந்தியடிகள் மறைந்த பின்னர் மகாத்மாஜி சேவா சங்கம் என்னும் அமைப்பை நிறுவிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்றினார். தமக்குக் கிடைத்த நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்கு அளித்தார்.

போர்க்காலமும் தென்புறப் பகுதிகளும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில், சப்பானியர் தாக்கக் கூடும் என்ற அச்சத்தால் சென்னை நகரம் ஏறத்தாழக் காலியாயிற்று. தெற்கே செல்லும் இரயில் பாதையையொட்டிய பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு ஆகிய பகுதிகளிலும் அவற்றைச் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் மக்கள் தங்கினர். கோதைநாயகியின் குடும்பமும் அச்சகத்துடன் தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள சிங்கப்பெருமாள் கோயிலுக்கு இடம்பெயர்ந்தது. தாள் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. பெரிய நிறுவனங்களே பக்கங்களைக் குறைத்தன. விளம்பரப் பலம் மிகுந்த வார இதழ்கள் போருக்குப் பின் வண்ண அட்டைகளுடன் மீண்டெழுந்தபோது, ஆசிரியரின் ஒற்றை எழுத்தாற்றலை நம்பிய மாத இதழ்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜகன்மோகினியும் முந்தைய செல்வாக்கை இழக்கத் தொடங்கியது.

திரைப்படங்கள்

இவரது புதினங்கள் சில திரைப்படங்களாயின. அவற்றுள் ராஜமோகன் (1937), அனாதைப் பெண் (1938) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தயாநிதி என்னும் புதினம் இவர் மறைந்தபின் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் சித்தி (1966) என்ற பெயரில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. தன் குடும்பத்துக்காகக் காதலைத் துறந்து, வயதில் மிகுந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகி, அவரது பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணாகப் பத்மினி நடித்தார். மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்னும் வழக்கமான உருவத்தைக் கதை மாற்றியமைக்கிறது. ஒரு வயதில் தாயை இழந்து உறவினரிடம் வளர்ந்த எழுத்தாளரின் கதை என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

தாம்பரம் வட்டாரத்திலுள்ள திருநீர்மலைக் கோயில், 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. பிற்காலத்தில் தமிழ்த் திரைப்படங்களின் திருமணக் காட்சிகளுக்கும் அது பெயர் பெற்றது. அப்படங்கள் பலவற்றில் மாலை மாற்றியவுடன் கதை முடிந்துவிடும். கோதைநாயகியின் கதைகளில் பெண்ணின் சோதனைகளுள் பல மாலை மாற்றிய பின்னர்தான் தொடங்குகின்றன.

இறுதிக் காலம்

1956 ஆம் ஆண்டில் ஒரே மகன் சீனிவாசன் இறந்தது இவரை மிகவும் நிலைகுலையச் செய்தது. அதன்பின் எழுத்தில் முன்பிருந்த வேகம் இல்லை. காசநோயும் பற்றிக்கொண்டது.

காசநோய்க்குச் சிகிச்சை பெற இவர் சேர்க்கப்பட்ட இடம் தாம்பரம் சானடோரியம். பச்சைமலை அடிவாரத்தில் மருத்துவர் சௌரிமுத்து 1928 ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மருத்துவமனை, 1937 இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. பயனுள்ள மருந்துகள் பரவலாகக் கிடைக்காத காலத்தில் நல்ல காற்றும், ஓய்வும், சத்துணவுமே காசநோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டன. நகருக்கு வெளியே, மலையும் மரங்களும் சூழ்ந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதுவே காரணம். அந்த மருத்துவமனையின் பெயரே இன்று இரயில் நிலையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் வழங்குகிறது. அங்கிருந்து வடமேற்கே உள்ள திருநீர்மலையும் தாம்பரமும் 2021 ஆம் ஆண்டு முதல் ஒரே மாநகராட்சிக்குள் அடங்கியுள்ளன.

கோதைநாயகி அம்மாள் 1960 பெப்ரவரி 20 அன்று தமது 58 ஆம் வயதில் காலமானார். அவரின்றி ஜகன்மோகினியும் தொடரவில்லை. நவீன இலக்கிய விமரிசகர்கள் இவரது புதினங்களைப் பொழுதுபோக்கு எழுத்து என ஒதுக்கிவந்ததால் நெடுங்காலம் மறுபதிப்புகள் குறைவாகவே இருந்தன. பெண்ணிய ஆய்வாளர்களும் இதழியல் ஆய்வாளர்களும் அக்கறை காட்டத் தொடங்கிய பின்னரே இவரது வாழ்க்கையும் ஜகன்மோகினியின் பழைய இதழ்களும் மீண்டும் தேடிப் படிக்கப்படுகின்றன.